வெற்றுக் காணி என்று எதனைச் சொல்கிறார்கள்?

கொழும்புக்கு வரும் எமது விவசாயக் குடும்பங்களுக்குக் கோட்டைப் புகையிரத நிலையம் தெரியும். கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் தெரியும். உறவினர் அங்கேதான் இருப்பார்கள். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையின் அலுவலும் அங்கேதான் இருக்கும். கொம்பனித்தெருவில் எமக்கு என்ன வேலை? சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போனவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்களுக்கு அது வெள்ளவத்தை ரயிலில் கடந்து போகும் ஒரு நிலையம் மாத்திரமே.

சில காலத்துக்கு முன்னர் மூதூர் கிழக்கைச் சேர்ந்த முதியவர் ஒருவருடன் நாம் அத்தெரு வழியே நடந்து போனோம். காணி சம்பந்தமான பழைய கடிதம் ஒன்றின் பிரதியைத் தேடி வந்தவர் அவர். நாம் முதலில் போன அலுவலகத்தில் காலை முழுவதும் வாங்கில் இருக்க வைத்து, மத்தியானம், கோவை இங்கே இல்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமை வருவதென்றால் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பஸ் காசு என்பதை அவர் அவர்களிடம் சொல்லவில்லை. எம்மிடமும் சொல்லவில்லை.

சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நின்று, "இதென்ன பாதர்?" என்று கேட்டார். இலங்கை மின்சார சபை 1969இல் உருவானது, நெடுங்காலமாக அதன் தலைமையகம் இதுதான் என்று விளக்கினோம். கையிலிருந்த பொலித்தீன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப எங்கட காணிக்குக் கையெழுத்து வைச்சது இங்கதானோ?"

கையெழுத்து வைத்தவர்கள் பலர், ஐயா, அவர்களில் இவர்களும் அடக்கம் என்று சொன்னோம். அந்த மறுமொழி எமக்கே திருப்தி தரவில்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

சம்பூரில் நடந்தது

மூதூர் கிழக்கின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. எனினும் திகதிகளை ஒழுங்காக அடுக்கிப் பார்க்காவிட்டால் அதன் உட்பொருள் விளங்காது.

2006 ஏப்ரல் 25ஆம் திகதி, அப்போது கொம்பனித்தெருப் பகுதியில் இருந்த இராணுவத் தலைமையகத்தினுள் தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நடந்தது. அன்றே சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டும் எறிகணையும் விழத் தொடங்கின. சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் ஆகிய ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பலர் வெருகலையும் வாகரையையும் கடந்து மட்டக்களப்பு வரை போனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது.

இனிக் கவனியுங்கள். 2006 டிசெம்பர் 29ஆம் திகதி, இலங்கை அரசாங்கமும் மின்சார சபையும் இந்திய அரசின் தேசிய அனல்மின் நிறுவனமும், திருகோணமலையில் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் சம்பூர். ஊர்ச் சனம் அப்போது கூடாரத்திலும் பாடசாலை மண்டபத்திலும் இருந்தது. ஐந்து மாதம் கழித்து, 2007 மே 30ஆம் திகதிய வர்த்தமானியில் மூதூர் கிழக்கு அதியுயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து திரும்பிக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் தம் ஊருக்குப் போகவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இறக்கப்பட்டன. 2011இல் 500 மெகாவாற் நிலையத்துக்கென்று கூட்டுக் கம்பனி உருவாகியது. 2012இல் அதே நிலப்பரப்பு பாரிய கைத்தொழிலுக்கான விசேட வலயம் என்று மீண்டும் வர்த்தமானியில் வந்தது.

பாதுகாப்பு வலயம், மின் நிலையம், கைத்தொழில் வலயம் என்று பெயர் மாறிக்கொண்டே போனது. மாறாதது ஒன்றுதான்: ஆட்கள் அங்கே இல்லை என்ற நிலை. கொழும்பில் விரித்து வைத்த வரைபடத்தில் அது ஒரு வெற்றுக் காணி. ஆட்களை வெளியேற்றியதால் வெறுமையான காணி, வெறுமையாக இருக்கிறது என்பதற்காகவே ஆட்களைத் திரும்ப விடாத காணியாயிற்று. இதில் யாரும் எம்மை நேரே பார்த்து, 'உன் வயலை எடுக்கிறேன்' என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை.

யாழ்ப்பாணத்தார் இதனை வேறு விதத்தில் அறிவார்கள். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் மரங்களில் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்று அவற்றில் காரணம் கூறப்பட்டிருந்தது. அந்த உரிமையாளர்களில் பலர் சில மைல் தூரத்தில், அரசாங்கமே பதிவு செய்து நிவாரணம் கொடுத்த முகாம்களில் இருந்தார்கள்! அவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் வந்து நின்றபோதுதான், கண்டுபிடிக்க முடியாதவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

சம்பூருக்குத் திரும்புவோம். 2015 மே மாதத்தில் 818 ஏக்கரை விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. அந்த ஓகஸ்டில் குடும்பங்கள் ஊருக்குள் போகத் தொடங்கின. அடுத்த வருடம் கடற்படை முகாம் இருந்த காணியும் விடப்பட்டது. ஒன்பது வருடத்துக்குப் பின் போய்ப் பார்த்த எமது முதியவர் தன் வளவை எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைப் பனையும் இல்லை. கிணறு தூர்ந்து போயிருந்தது. ஆனால் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் கிடந்தது. "அந்தக் கல்லிலயிருந்து எட்டுக் கவடு வைச்சன் பாதர், குசினி வாசல் வந்துது" என்றார்.

2016 செப்டெம்பரில், சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்படமாட்டாது என்று அரச தரப்பு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. மக்கள் முகாமை விட்டு அகலாமல் பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்ததன் பலன் இதில் உண்டு. அதனால் மட்டும்தான் நடந்தது என்று சொன்னால் உண்மையாகாது. ஆட்சி மாறியது, வழக்கு நடந்தது, நிலக்கரிக்கு உலகெங்கும் எதிர்ப்பு வளர்ந்தது. இவையெல்லாம் ஒரே காலத்தில் கூடி வந்தன.

ஆனால் நிலக்கரிக்கென்று ஒதுக்கிய ஏறத்தாழ 500 ஏக்கர் திரும்பி வரவில்லை. அதே இரு நாட்டு நிறுவனங்களும் அங்கே சூரிய மின் நிலையம் அமைக்க 2022 மார்ச்சில் உடன்பட்டன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவும் கொழும்பில் இருந்தபடியே அதனை ஆரம்பித்து வைத்தார்கள். மொத்தம் 120 மெகாவாற். முதற் கட்டம் 50, பின்னர் 70. நிலத்தில் தகடு பரப்பும்போது ஒரு மெகாவாற்றுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் அந்த 500 ஏக்கர் எங்கே போகிறது என்று விளங்கும்.

நிலக்கரியைவிடச் சூரியத் தகடு நல்லது. சாம்பல் இல்லை, கடலுக்குள் சுடுநீர் விடுவதில்லை, மீன் சாகாது. இதனை ஒப்புக்கொள்ள நாம் பின்நிற்கத் தேவையில்லை. எமது கேள்வி தகட்டைப் பற்றியதல்ல. தகட்டுக்குக் கீழே இருக்கிற மண்ணைப் பற்றியது.

குளமும் வாய்க்காலும்

நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. 1996இல் மலையில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு முழுவதும் மணிக்கணக்கில் இருண்டு கிடந்தது. 2022 மார்ச்சில் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்தது. பம்பு வைத்துத் தோட்டம் செய்கிறவர்களுக்கு அந்த மாதங்களை நினைவூட்ட வேண்டியதில்லை. எண்ணெயும் நிலக்கரியும் வெளியிலிருந்து வர வேண்டும். வெயிலும் காற்றும் இங்கேயே உண்டு. 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவது அரசாங்கத்தின் இலக்கு.

இதற்கான முதலீடு என்பது தகடும் காற்றாடியும் மட்டுமல்ல. விவசாயிக்கு இதனை இலகுவில் விளங்கப்படுத்தலாம். மழை பெய்தால் மட்டும் வேளாண்மை விளையாது. பெய்த மழையைத் தேக்கக் குளம் வேண்டும், வயலுக்குக் கொண்டு செல்ல வாய்க்கால் வேண்டும், அளந்து விட மதகு வேண்டும். மின்சாரமும் அப்படியே. மின் நிலையம் மழை. உயரழுத்தக் கம்பிகள் வாய்க்கால். உபமின் நிலையங்கள் மதகு. குளம் எது? நீர்மின் நிலையங்களுக்கு மலையிலுள்ள நீர்த்தேக்கம். வெயிலுக்கும் காற்றுக்கும் பெரிய பற்றரிகள். இந்தக் குளம்தான் எம்மிடம் போதாது. கூரைகளில் மட்டும் 1000 மெகாவாற்றுக்கு மேல் தகடுகள் ஏறிவிட்டன. 2025 ஏப்ரலில் வருடப் பிறப்பு விடுமுறை வந்தபோது தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன. பகல் வெயிலின் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்க வேண்டி வந்தது. அதற்கு முன், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்று சொன்னார்கள். குரங்கை எல்லோரும் பகிடி பண்ணினார்கள். ஒரு மதகு உடைந்தால் முழு வாய்க்காலும் நின்றுவிடும் நிலையில் வலையமைப்பு இருந்தது என்பதே அதில் கவனிக்க வேண்டியது.

ஆகவே பெரும் பணம் கொட்டத்தான் வேண்டும். அந்தப் பணம் யாருடையது? மன்னாரில் 30 காற்றாடிகளுடன் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி நிலையத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 20 கோடி டொலர் கடன் தந்தது. அந்தக் கடனை நாடு கட்டுகிறது. நாடு என்றால், தன் தற்காலிகக் கொட்டிலுக்கு இன்னும் கம்பி வராத குடும்பமும் அதில் அடக்கம். பருப்புக்கும் சீனிக்கும் கொடுக்கிற வரி வழியாக அவர்களும் அந்தக் காற்றாடிக்குப் பங்குதாரர்கள்தான். பங்குதாரரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

நாம் மட்டுமல்ல

இந்த அநியாயம் தமிழருக்கு மட்டும் நடந்தது என்று எண்ணினால் நாம் பாதியைத்தான் பார்க்கிறோம். 1980களில் விக்டோரியா அணைக்காகத் தெல்தெனிய நகரமும் அதைச் சுற்றிய வயல்களும் நீரில் மூழ்கின. ஏறத்தாழ 30,000 சிங்களக் கிராமத்தவர்கள் பெயர்ந்தார்கள். கோடையில் நீர் இறங்கும்போது பழைய நகரத்தின் இடிபாடுகள் வெளியே தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவர்கள் உண்டு. 2012இல் திறந்த மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கம் 500 அளவிலான குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். விக்டோரியாவும் கொத்மலையும் இல்லாமல் கொழும்பின் மின்விளக்குகள் இல்லை.

கொம்பனித்தெருவே ஓர் இடம்பெயர்ந்த ஊர்தான். ஒல்லாந்தக் கம்பனியார் தம் அடிமைகளை அடைத்து வைத்த இடமாதலால் ஆங்கிலத்தில் அதற்கு அடிமைத் தீவு என்று பெயர் இருந்தது. அப்பெயரை நீக்குவதாக 2022 டிசெம்பரில்தான் அறிவித்தார்கள். தமிழில் கம்பனியின் பெயரே நிலைத்துவிட்டது. மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தெருக்களில், 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் படையினர் காவல் நிற்க இடிக்கப்பட்டன. பின்னர் ஜாவா லேன், ஸ்டேஷன் பாசேஜ் குடும்பங்களை, மாடி வீடு கட்டித் தருவோம், அதுவரை வாடகைக்கு இருங்கள் என்று எழுப்பினார்கள். வருடங்கள் இழுபட்டன. அக்குடும்பத்துப் பெண்மணி ஒருவர் எம்முடன் பேசும்போது, "எங்களுக்கும் உங்கட ஆக்களுக்கும் ஒரே கதைதானே பாதர், அங்கே செல், இங்கே டோசர்" என்றார். எறிகணையையும் புல்டோசரையும் ஒன்றாக வைப்பது சரியோ என்று எமக்குத் தயக்கமிருந்தது. அவர் தயங்கவில்லை.

இப்போது நடப்பது

யுத்தம் முடிந்து பல வருடமாகியும் வெற்றுக் காணி என்ற சொல் ஓய்ந்துவிடவில்லை. திருகோணமலைக்குக் கிட்டிய முத்துநகரில், தமிழரும் முஸ்லிம்களும் அடங்கிய விவசாயிகள் பல தசாப்தங்களாக நெல் விதைத்து வந்த நிலம், துறைமுக அதிகார சபைக்கு உரியது என்ற அடிப்படையில் சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2025இன் நடுப்பகுதியிலிருந்து அவர்கள் மாவட்டச் செயலகத்தின் முன்னாலும் கொழும்பிலும் அமர்ந்து போராடினார்கள். தமக்கு நீர் தந்த சிறு குளமும் மூடப்பட்டது என்பது அவர்களுடைய முறைப்பாடு. உறுதி இல்லை, ஆனால் உழுத சால் இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்குச் சால் தெரிவதில்லை.

மன்னாரில் மக்கள் காற்றாலைகளை எதிர்த்தபோது, பசுமை மின்சாரத்தை ஏன் எதிர்க்கிறார்கள் என்று கொழும்புப் பத்திரிகைகள் வியந்தன. தாழ்ந்த மணல் தீவு அது. காற்றாடிகளுக்கு வீதியும் அத்திவாரமும் போட்ட பின் மழைநீர் வடியவில்லை என்கிறார்கள் அங்குள்ளோர். மீனவர் தமது கரைவலைப்பாடு கெட்டதாகச் சொல்கிறார்கள். அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. ஏனைய கம்பனிகளின் வேலையை மக்கள் மறித்தார்கள். குருக்களும் அவர்களுடன் வீதியில் நின்றார்கள். ஓகஸ்டில் ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டெம்பர் இறுதியில் பொலிசாரின் பாதுகாப்போடு உபகரணங்கள் கொண்டுவரப்பட்டன, பலர் காயப்பட்டார்கள். நிறுத்திய ஒரு மாதம் எதற்கு? பேசுவதற்கா, ஆறப்போடுவதற்கா?

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாற் சூரியப் பூங்கா இருக்கிறது. காணியை அரசு பறிக்கவில்லை. விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு வருடம் 21,000 இந்திய ரூபா. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 5 வீதம் கூடும். உறுதி விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. இதனைப் புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். காணி உள்ளவருக்குக் குத்தகைப் பணம் வந்தது. அந்தக் காணியில் கூலிக்கு வேலை செய்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் ஒன்றும் வரவில்லை. குஜராத்தில் 2012இல் நர்மதைக் கால்வாயின் மேலேயே 750 மீற்றர் நீளத்துக்குத் தகடு பரப்பி ஒரு மெகாவாற் எடுத்தார்கள். காணியும் மிச்சம், தண்ணீர் ஆவியாவதும் குறைந்தது. செலவு கூடத்தான். நாம் இங்கே கேட்பது இவ்வளவே: சம்பூர் 500 ஏக்கரில் யாருடைய வயல் எவ்வளவு இருந்தது என்று எழுதப்பட்ட பட்டியல் ஒன்று வேண்டும், அப்பட்டியலில் உள்ளவர்களுக்கு வருடந்தோறும் பங்கு வேண்டும். ஒரு தரம் கொடுத்து முடிக்கிற நட்டஈடு குடும்பத்தில் ஒரு கலியாணத்தோடு போய்விடும்.

கோபுரமும் தொலைபேசியும்

கொம்பனித்தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் தாமரைக் கோபுரம் தெரியும். 350 மீற்றர் உயரம். பேரை வாவிக் கரையில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, சீன வங்கிக் கடனோடு, 10 கோடி டொலருக்கு மேல் செலவிட்டுக் கட்டுவித்தது. தொலைக்காட்சிக்கும் தொடர்பாடலுக்கும் என்று சொல்லி எழுப்பிய கோபுரத்தை 2022 செப்டெம்பரில் பொது மக்களுக்குத் திறந்தார்கள். சனம் டிக்கெற் எடுத்து மேலே ஏறிக் கொழும்பைப் பார்க்கிறது. எமது முதியவரும் பார்த்தார், கீழே நின்று. "உச்சியில நிண்டா எங்கட ஊர் தெரியுமோ?" என்றார். தெரியாது, ஐயா.

வேகமான இணையத்துக்கான முதலீடு வேண்டாம் என்று சொல்கிற மூடர்களல்ல நாம். மின்சாரத்தைவிட அது இலேசானது: கண்ணாடி இழை புதைக்க ஏக்கர் கணக்கில் வயல் தேவையில்லை. காணி எடுக்கும் வர்த்தமானிகளை இன்று தொலைபேசியில் பார்க்கலாம். 2007இல் முகாமில் இருந்தவர்கள் தம் ஊர் வலயமான செய்தியை வானொலியில் கேட்டே அறிந்தார்கள். ஆனால் இழை எந்த மொழியில் பேசுகிறது என்பதும் முக்கியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலையகத்தில் மண் சரிந்தது. எங்கும் கம்பியும் கோபுரமும் ஒன்றாக விழுந்தன. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு அப்போது பலமாக எழுந்தது. காலநிலைக்கான முதலீடு என்று பேசுகிறவர்கள் அணைக்கட்டையும் தகட்டையும் எண்ணுகிறார்கள். நேரத்தோடு தமிழில் அனுப்பும் நாலு வரிச் செய்தியை எண்ணுவதில்லை. அதற்கு ஆகும் செலவு ஒரு காற்றாடியின் இறக்கைக்குக் காணாது.

பொலித்தீன் பை

இடம்பெயர்ந்தோர் கையில் இருப்பது கடதாசி மட்டுமே. அதனைப் பற்றிச் சில விடயங்கள் சொல்ல வேண்டியுள்ளது.

காணி எடுத்தற் சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன் 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால், காணி தேவைப்படலாம், அளக்கப் போகிறோம் என்று பொருள். எடுத்தாயிற்று என்று பொருளல்ல. பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். 4ஆம் பிரிவு அறிவித்தல் வரும்போதுதான் ஆட்சேபனை எழுதிக் கொடுக்கும் கட்டம். குறைந்தது 14 நாள் தவணை தர வேண்டும். 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்துவிட்டால் காணி பொதுத் தேவைக்கு வேண்டியதா என்ற விவாதம் முடிந்துவிடும். 7ஆம் பிரிவு அறிவித்தலின் கீழ் நட்டஈட்டுக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரம் என்று 38ஆம் பிரிவைக் காட்டி, விசாரணை முடியுமுன்னரே காணிக்குள் இறங்குவார்கள். அப்போதும் உங்கள் கோரிக்கை செத்துவிடாது. அறிவித்தல் கிராம சேவையாளர் அலுவலகத்திலோ மரத்திலோ ஒட்டப்பட்டிருந்தால் போட்டோ எடுங்கள், எந்தத் திகதியில் கண்டீர்கள் என்று எழுதி வையுங்கள். பெரிய திட்டத்தின் சுற்றாடல் அறிக்கை பொது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. எமது காணி எந்தத் திட்டத்துக்கு, எந்தக் கம்பனிக்கு, எத்தனை வருடத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று எந்த அரச அலுவலகத்தையும் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள், தருவோம் அல்லது தரமாட்டோம் என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேலே ஆணைக்குழு. மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டம் 2024இல் நிறைவேறி 2025இல் திருத்தப்பட்டது. பெயர்ப் பலகை மாறும்போது பழைய கோவைகள் எந்த அலுமாரிக்குப் போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. கேட்கிறவர்கள் பிந்தாமல் கேட்பது நல்லது.

உறுதி இல்லாதவர்கள் என்ன செய்வது? அனுமதிப்பத்திரம், ஏக்கர்வரிப் பற்றுச்சீட்டு, மானிய உரம் எடுத்த அட்டை, கமக்காரர் சங்கத்தின் பதிவேடு, பிள்ளையின் பழைய பாடசாலை அனுமதிப் பத்திரத்தில் உள்ள விலாசம் என எல்லாம் சாட்சிதான். காணி வழக்குகளில் ஒரு பற்றுச்சீட்டு பெரும் விவாதத்தை முடித்து வைத்ததை நாம் கண்டிருக்கிறோம்.

அன்று பின்னேரம் கொம்பனித்தெரு நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய கடையில் எமது முதியவரின் பையைப் பிரித்தோம். 2006இல் ஓடும்போது அவருடைய மனைவி நெஞ்சோடு கட்டிக்கொண்டு போன கடதாசிகள் அவை. வெருகல் ஆற்றில் நனைந்து, வாகரையில் காய்ந்து, மடிப்புகளில் பிய்ந்து போயிருந்தன. கடைக்காரத் தம்பி ஒரு மலாய்ப் பிள்ளை. பிய்ந்த இடங்களைக் கண்ணாடியில் மெதுவாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்தான். என்ன கடதாசி இது அங்கிள் என்று தமிழில் கேட்டான். வயல், என்றார் அவர். எத்தனை ஏக்கர்? மூன்றே கால். இப்ப யார் செய்யிறது?

அவர் எம்மைப் பார்த்தார். பிறகு, "கிடக்குது தம்பி" என்றார். பிரதிகளுக்குக் காசு எவ்வளவு என்று கேட்டு, மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்து நீட்டினார். ஒரு பிரதியை எம்மிடம் தந்துவிட்டு, மற்றவற்றைப் பையில் வைத்துக் கட்டினார். மூதூர் பஸ் இரவு ஒன்பதரைக்கு.